கட்டம் ஒட்டினால் கருவூலம் நிறையுமா?

செப்புத் தகட்டிலே கட்டங்கள் கீறி, கட்டத்துக்குள் எழுத்துகளைப் பொறித்து, வாசற்படியின் கீழே புதைத்துவிட்டால் வீட்டிலே செல்வம் கொழிக்கும் என்றான் மந்திரவாதி. நம்பினான் பாமரன், தகட்டுக்கு விலை கொடுத்தான், தட்சணை கொடுத்தான், செல்வம் கொழித்தது — மந்திரவாதியின் வீட்டிலே!

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று எண்ணுகிறோம். இன்று ஊராட்சி மன்றத்துச் சுவரைப் பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. கியூ.ஆர். குறியீடாம்! கைப்பேசியைக் காட்டினால் வீட்டுவரி போய்ச் சேருமாம். குடிநீர்க் கட்டணம் போய்ச் சேருமாம். தொழில்வரியும் போய்ச் சேருமாம். அட்டை ஒட்டிய அன்று படம் எடுக்கிறார்கள். மறுநாள் ஏட்டிலே செய்தி வருகிறது. உள்ளாட்சியின் வறுமை ஒழிந்தது என்று பேசத் தலைப்படுகிறார்கள். படித்த பெருமக்கள்கூடத் தகடு புதைத்தவனைப் போலவே காத்திருக்கிறார்கள், செல்வம் எப்போது கொழிக்கும் என்று.

நாம் புதுமைக்குப் பகைவர் அல்லர். அவரவர் சட்டைப் பையிலே தொலைபேசி இருக்கும் காலம் வரும் என்று 1940களிலேயே எழுதிய பெரியாரின் வழி வந்தவர்கள். இயந்திரத்தைக் கண்டு மிரள்வது வைதிகனின் வழக்கம், நம்முடையது அன்று. ஆனால், இயந்திரத்தைக் கண்டு கைகூப்புவதும் நம் வழக்கம் அன்று! இது என்ன செய்யும், எதைச் செய்யாது, யாருக்காகச் செய்யும் — இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் எதையும் வரவேற்போம்.

முதலில், என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். செய்வது சிறிதன்று.

ஊரிலே வரி தண்டிய முறை எப்படி இருந்தது? தண்டலுக்கு வருபவர் பெரிய வீட்டுத் திண்ணையிலே அமர்வார், மோர் அருந்துவார், "இப்போது வேண்டாம், அறுவடைக்குப் பின் பார்க்கலாம்" என்று பண்ணையார் சொன்னதும் பணிவுடன் எழுந்து போவார். அதே மனிதர் சேரியின் எல்லையிலே நின்றுகொண்டு, பெயர் சொல்லிக் கூவி அழைத்து, அதட்டிக் கேட்பார். கைம்பெண் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுப்பாள். "ரசீது நாளைக்கு" என்பார். நாளை வரும், ரசீது வராது. ஈராண்டு கழித்துப் பேரேட்டைப் பார்த்தால் அவள் பெயருக்கு எதிரே நிலுவை என்று இருக்கும். கொடுத்ததற்குச் சாட்சி யார்? முந்தானையா பேசும்?

அந்த ரசீதின் அருமை மாடி வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரு துண்டுத் தாள். புறம்போக்கிலே குடிசை போட்டு வாழ்பவனுக்கு அதுதான் "நான் இந்த ஊரிலே வாழ்கிறேன்" என்பதற்கு அவன் கையில் உள்ள சான்று. மின் இணைப்புக் கேட்டால் வரி ரசீது கேட்கிறார்கள். முகவரிச் சான்று கேட்டால் வரி ரசீது கேட்கிறார்கள். பட்டா கேட்டு மனு எழுதினாலும் அதைத்தான் இணைக்கச் சொல்கிறார்கள். ஏழை வரி கட்ட மறுப்பவன் என்று கழகத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தவறு! "என் குடிசைக்கு வரி போடுங்கள்" என்று மனுவோடு நடையாய் நடக்கிற ஏழைகளை ஊர்தோறும் காணலாம். வரி போட்டால் அவனை ஊரான் என்று ஒப்புக்கொண்டதாகும் என்பதற்காகவே போட மறுத்தவர்களையும் காணலாம்.

இந்த இடத்திலேதான் புதிய கருவியின் சிறப்பு. பணம் தண்டலரின் பைக்குள் இரவைக் கழிப்பதில்லை. கட்டிய நொடியிலே ஊராட்சியின் கணக்குக்குப் போகிறது. எண்ணோடும் நாளோடும் நேரத்தோடும் ரசீது வருகிறது. "நாளைக்கு வா" என்று சொல்ல ஆள் இல்லை. எல்லையிலே நின்று கூவ ஆள் இல்லை. 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையிலே 2025 ஆகஸ்ட் மாதம் ஒன்றில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்திருக்கின்றன. இளநீர் விற்பவரும் பூ விற்பவரும் கையாளும் கருவியை ஊராட்சி மன்றம் மட்டும் கையாளக் கூடாதா? தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கென இணையவழி வரி செலுத்தும் தளம் 2023இல் வந்தது. வரவேற்போம், வாயார வாழ்த்துவோம்.

வாழ்த்தியாயிற்று. இனி, இது செய்யாததைப் பேசுவோம்.

2016 நவம்பர் 8 ஆம் நாள் இரவு, 500 ரூபாய்த் தாளும் 1,000 ரூபாய்த் தாளும் செல்லாது என்றார்கள். ஏழைகள் வங்கி வாயிலிலே வெயிலில் வாடினார்கள் — அது தனிக் கதை. உள்ளாட்சி வரிகளுக்கும் சில நாட்கள் பழைய தாளையே கட்டலாம் என்று சலுகை வந்தது. என்ன நடந்தது? நகராட்சி அலுவலகங்களிலே கூட்டம்! ஆண்டுக்கணக்கில் தீராத நிலுவைகள் நாட்கணக்கில் தீர்ந்தன. நினைவூட்டுக் கடிதத்துக்கு அசையாதவர்கள், அறிவிப்புக்கு அசையாதவர்கள், கட்டுக்கட்டாய்க் கொண்டுவந்து கொட்டினார்கள். அவர்களை அழைத்து வந்தது எளிய வழியா? அந்த நாட்களைவிடக் கடினமான வரிசையை எவரும் கண்டதில்லை! செல்லாமற்போகும் பணம் அழைத்து வந்தது. பணம் அதற்கு முன்பும் அவர்களிடம் இருந்தது; கட்டும் இடமும் இருந்தது; கட்டாவிட்டால் என்ன ஆகிவிடும் என்ற துணிவும் இருந்தது. அந்தத் துணிவைக் கைப்பேசி போக்கிவிடுமா?

கட்ட விரும்புபவனுக்கு வழியைக் குறுக்குகிறது கருவி. கட்ட விரும்பாதவனை அது தீண்டுவதே இல்லை. நிலுவையிலே பெரும்புள்ளிகள் யார் யார் என்று பட்டியல் போட்டு இணையதளத்திலே வெளியிட்டதுண்டு சென்னை மாநகராட்சி. அந்தப் பெரும்புள்ளிகள் கைப்பேசி இல்லாததால் கட்டாதவர்களா? குடியிருப்பவர்கள் காலத்திலே கட்டிவிட்டு, அவர்கள் கட்டாத பங்கின் குறையைக் குண்டும் குழியுமான தெருவிலே அனுபவிக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு, அது இதனினும் ஆழமானது. பேரேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கைப்பேசி காட்டும். ஓட்டு வீடு என்று எழுதப்பட்ட இடத்திலே இன்று மூன்று மாடி நிற்கிறது. பேரேட்டில் இன்னும் ஓடு! குடியிருப்பு என்று எழுதப்பட்ட இடத்திலே திருமண மண்டபம். பேரேட்டில் இன்னும் குடியிருப்பு! குடிசையோ பேரேட்டிலேயே இல்லை. மாளிகைக்காரர் கைப்பேசியை எடுத்து, ஓட்டு வீட்டுக்கான வரியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டிவிடுகிறார். "நூற்றுக்கு நூறு வசூல்" என்று அறிக்கை போகிறது. பொய்யை விரைவாக வசூலிக்கிறோம், தோழர்களே!

சென்னையிலே 1998க்குப் பிறகும், பிற நகரங்களிலே 2008க்குப் பிறகும் சொத்துவரியைப் பொதுவாகச் சீராய்வு செய்யாமலே வைத்திருந்து, 2022 ஏப்ரலில்தான் ஏற்றினார்கள். பதினைந்தாவது நிதிக்குழு, சொத்துவரியைச் சீர்படுத்தினால்தான் மானியம் என்று நிபந்தனை விதித்த பின் வந்த ஏற்றம் அது. 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 விழுக்காடு. சென்னையின் பழைய பகுதிகளில் 50 முதல் 150 வரை. பெரிய வீட்டுக்குப் பெரிய ஏற்றம் — நியாயமான நினைப்புத்தான். ஆனால், எதன்மேல் ஏற்றினார்கள்? பழைய பேரேட்டின்மேல்! ஆயிரம் வரவேண்டிய இடத்திலே நூறு என்று எழுதி வைத்திருந்தால், 150 விழுக்காடு ஏற்றினாலும் 250தானே? நேர்மையாய் அளந்து எழுதப்பட்டவன் உயர்ந்த வரியைச் சுமந்தான். பொய்யாய் எழுதிக்கொண்டவன் உயர்ந்த பொய்யைச் சுமந்தான். எது கனமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

கடல் கடந்த ஓர் ஊரைப் பாருங்கள். ஆப்பிரிக்காவிலே சியரா லியோன்; அதன் தலைநகர் ஃப்ரீடவுன் — விடுதலை நகரம் என்று பொருள்படும் பெயர். அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் 1792இல் குடியேறி எழுப்பிய நகர். செல்வத்திலே நம் சென்னையோடு ஒப்பிடத் தகாத ஊர். 2018இல் மேயரான இவோன் அகி-சாயர் என்ற பெண்மணி முதலில் எதைத் தொட்டார்? பெட்டியை அல்ல; பேரேட்டை! செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கூரைகளை எண்ணச் செய்தார். சுவர் எது, கூரை எது, தெரு எது என்று எவரும் பார்த்தறியக்கூடிய அடையாளங்களுக்குப் புள்ளிகள் கொடுத்து வரியைக் கணக்கிடச் செய்தார். பட்டியலில் இருந்த கட்டடங்கள் ஏறத்தாழ இரு மடங்காயின. மாளிகைகளின் வரி ஏறிற்று. எளிய வீடுகளின் வரி இறங்கிற்று. எதிர்ப்பு எழாமல் இருந்ததா? எழுந்தது, அரசாங்கத்தின் மேல்மட்டத்திலிருந்தே எழுந்தது. மாளிகைக்குள் இருப்பவன் எந்த நாட்டிலும் மாளிகைக்காரன்தானே!

மக்கள் வரி கொடுக்கத் தயங்குவது ஏன் என்பதை வெள்ளைக்கார வணிகன் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தான். சென்னையிலே வரி போட முனைந்து எதிர்ப்பைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் ஜோசையா சைல்டு, ஒரு தந்திரம் செய்தார். அதிகாரம் பிடுங்கும் சிறுகாசுக்கு முணுமுணுப்பவர்கள், தங்களவர் கூடி விதித்தால், தங்கள் ஊருக்கே செலவாகும் என்றால், அதனினும் பெருந்தொகையை மனமுவந்து தருவார்கள் என்பது அவர் கணக்கு. 1687 டிசம்பரில் பட்டயம் பிறந்தது; 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி பிறந்தது. கம்பெனியின் நோக்கம் கொள்ளை, அதிலே அய்யமில்லை. தந்திரம் முழுதும் பலிக்கவுமில்லை, பின்னரும் வரிக்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் மனிதனைப் பற்றி அவன் போட்ட கணக்குச் சரியானது. விதிப்பவர் யார், செலவாவது எங்கே — இந்த இரண்டும் தெரிந்தால் மனிதன் தருவான்.

நமக்கு இது தெரிகிறதா? கோயில் உண்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எண்ணும் நாளிலே அதிகாரிகள் முன்னிலை, காமிராவின் கண்காணிப்பு, எண்ணி முடித்ததும் இத்தனை இலட்சம் ரூபாய், இத்தனை கிராம் தங்கம், இத்தனை கிராம் வெள்ளி என்று நாளேட்டிலே செய்தி! (அந்த உண்டியலின் அருகிலும் இப்போது கட்டம் அச்சிட்ட அட்டை இருக்கிறது, கடவுளும் கைப்பேசிக்கு வந்துவிட்டார். வழிபாட்டிடத்துக்குச் சொத்துவரி விலக்கும் உண்டு.) கல்லுக்குப் போட்ட காசுக்குக் கணக்குச் சொல்கிறார்கள், குழாய்த் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் கொடுத்த காசுக்கு எந்தச் சுவரிலே கணக்கு எழுதியிருக்கிறது? வரி கட்டும் வழியைச் சுவரிலே ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, வந்த வரியின் தொகையை அதே சுவரிலே ஒட்டத் தெரியாதா?

தெரியும். விருப்பம் இல்லை. ஏன் விருப்பம் இல்லை என்பதற்கு ஓர் எண்ணிக்கையைக் காட்டுகிறேன். 2024 சனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிக்கையின்படி, 2022–23ஆம் ஆண்டிலே இந்திய ஊராட்சி ஒன்று தன் சொந்த வரியால் ஈட்டியது சராசரியாக 21,000 ரூபாய். மாதத்துக்கு 1,750 ரூபாய்! வரியல்லாத பிற சொந்த வருவாய் 73,000. மத்திய அரசின் மானியமோ ஏறத்தாழ 17 இலட்சம். மாநில அரசுகளின் மானியம் மூன்றேகால் இலட்சம். 1992இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஊராட்சிகளைத் தன்னாட்சி நிறுவனங்கள் என்று எழுதிவைத்தார்கள். மாதம் 1,750 ரூபாயிலே என்ன தன்னாட்சி? டில்லிக்குக் கையேந்துவது இழிவு என்று நாம் முழங்குகிறோம், சரி. ஊராட்சி மட்டும் கோட்டைக்கும் டில்லிக்கும் கையேந்தியே கிடக்கட்டும் என்றால் அது எந்த ஊர் நீதி? கையேந்தி வாங்கும் பணத்துக்கு ஊரான் கணக்குக் கேட்பதில்லை. தன் மடியிலிருந்து கொடுத்த பணத்துக்குக் கேட்பான். அதனால்தான் சொந்த வரி வளர்வதைப் பலர் விரும்புவதில்லை.

சாதியும் இங்கே குறுக்கே நிற்கிறது. ஊராட்சிக் காசோலையிலே தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்பது நம் மாநிலத்து ஏற்பாடு. தனித்தொகுதியிலே ஒடுக்கப்பட்டவர் தலைவராகிறார். ஆதிக்கச் சாதியார் துணைத்தலைவராகிறார். பிறகு? தலைவர் கையெழுத்துக்காகத் துணைத்தலைவரின் வீட்டு வாயிலிலே நிற்கும் செய்திகளை எத்தனை முறை படித்திருக்கிறோம்! பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் 2006 வரை ஒடுக்கப்பட்டவர் ஒருவர் நாற்காலியில் அமரவே முடியவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், 1997 சூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் இருந்தவர்களும் மாண்டார்கள். கையெழுத்துப் போய் மின் கையொப்பம் வந்தாலும், அதைப் போடும் விரல் சாதியின் பிடியில் இருந்தால் வரி வந்து என்ன பயன்? ஊரார் கட்டிய காசு கணக்கிலே தூங்கும். சேரியின் குழாய் வறண்டே கிடக்கும்.

யாருக்காக என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் சொத்துவரி கட்டுபவருக்கு நகரங்களிலே 5 விழுக்காடு ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி. 5,000 ரூபாயை முழுதாகப் பெற வேண்டுமானால் அரையாண்டு வரியே ஓர் இலட்சம் இருக்க வேண்டும்! கையிலே பணமும் கைப்பேசியும் உள்ளவருக்கு ஊக்கம். கூலி வந்தபிறகு கட்டுபவருக்கு வட்டி. முன்கூட்டித் தருபவரை ஊக்குவிப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால் கைப்பேசி இல்லாத கிழவியை, "இங்கே காசு வாங்குவதில்லை, யாரையாவது விட்டுக் கட்டச் சொல்" என்று திருப்பியனுப்புவார்களானால், தண்டலர் போய்த் தரகர் வந்தார் என்றுதான் பொருள். பணம் எடுபட்டும் ரசீது வராமற்போகும் நாட்களும் உண்டு. அந்நாளிலே முறையிட ஒரு மனித முகம் வேண்டும். காசு வாங்கும் சாளரம் மூடப்படக் கூடாது. அச்சிட்ட ரசீது மறுக்கப்படக் கூடாது. இணங்காத இடத்திலே போராட வேண்டியது நம் வேலை.

வரி விதிப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருக்க வேண்டாமா? 2016 அக்டோபர் முதல் 2019 இறுதிவரை ஊராட்சிகளிலே மன்றமே இல்லை. தனி அலுவலர்களின் ஆட்சி. நகரங்களுக்கோ 2022 பிப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. 2025 சனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளிலே பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்! எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது என்று பார்த்துச் சினம் கொள்வதும் சினம் தணிவதும் பகுத்தறிவு ஆகாது. மன்றம் இல்லாத நாளிலும் வரிக் கேட்பு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் இயக்கத்துக்கு உள்ளாட்சி அயல்வீடு அன்று. 1919இல் பதவி துறக்குமுன் ஈரோடு நகரசபைத் தலைவராக இருந்தவர் பெரியார். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர். 1959இல் கோட்டைக்குப் போகுமுன் நம் தோழர்கள் முதலில் அமர்ந்தது சென்னை மாநகராட்சியிலே. ஆகவே, இளைஞர்கள் இந்த வேலையைச் சிறு வேலை என்று எண்ண வேண்டாம். கூட்டத்திலே கைதட்டுவதைவிடக் கடினமான வேலை இது.

ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களிலே பகுதி சபை இருக்கிறது. அலுவலக வழக்கிலே "கேட்பு, வசூல், நிலுவை" என்று ஒரு பதிவேடு உண்டு. கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு — அதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நிலுவையிலே முதல் பத்துப் பெரிய தொகைகள் யாருடையவை என்று கேளுங்கள். கூலிக்காரனின் முந்நூறு ரூபாயை ஊர் நடுவே படிக்க வேண்டாம். அவனிடம் தனியே பேசலாம். முதன்மைத் தெருவிலே உள்ள நான்கு பெரிய கட்டடங்கள் பேரேட்டில் எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். அளவு நாடாவை நீங்களே கொண்டு போங்கள். வரி போடப்படாத குடிசைகளின் பட்டியலை எழுதி, தீர்மானமாக வையுங்கள். மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; பத்து ரூபாயிலே மனுப் போடலாம்.

"எல்லாம் இப்போது கணினியிலே இருக்கிறது, தம்பி, ஏட்டிலே இல்லை" என்று செயலர் சிரித்தபடி சொல்வார். சண்டை வேண்டாம். "நல்லது அய்யா, அந்தத் திரையைக் கொஞ்சம் எங்கள் பக்கம் திருப்பி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.